கட்டாரியின் கொழுந்தியாள்

வாஷி
7 ஜூலை 2025

ஹரிதாவுக்கு,

நேற்று சாய்நாத் வீட்டில் நான் கத்திவிட்டு எழுந்து வந்தேன். திலக் நகர் ஸ்டேஷன் படி ஏறுவதற்குள் நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். சாய்நாத் ஆட்டத்துக்காக அனுப்பும் மெயிலில் உன் முகவரி இருந்தது, அதனால் இது. ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துவிட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் பசியும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்.

மாரிக்கண்ணன் உன்னிடம் அப்படி என்ன தப்பாகப் பேசிவிட்டான்? "ஹரிதாவுக்கு அவர் பேசறது பிடிக்கலை, கொஞ்ச நாள் வரவேண்டாம்னு மெசேஜ் போட்டுட்டேன்" என்று சாய்நாத் ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். நான்தான் மாரிக்கண்ணனை அந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்தவள். அவனும் நானும் தாராவியில் ஒரே சந்து. வாரம் முழுக்கக் கார்கானாவில் தோல் வெட்டிப் பை தைக்கிறவன், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை எடுத்து வைப்பான். இப்போது அவன் வீட்டில் "ஏன் போகல?" என்று கேட்டால் என்ன சொல்வான்? ஒரு பெண்ணிடம் கோணலாகப் பேசியதற்காக வரவேண்டாம் என்றுவிட்டார்கள் என்றா? எங்கள் சந்தில் இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அவனுக்குப் பெண் பார்க்கிற நேரம் வேறு.

இந்த விளையாட்டு என்னவென்று என் அம்மாவுக்கு விளக்கவே நான் பட்ட பாடு! "சாய்நாத் ஒரு கதையத் தொடங்குவாம்மா. நாங்க ஆளுக்கு ஒரு வேசம் எடுத்துக்கிட்டு அதுக்குள்ள போவோம். நான் பூட்டு ஒடைக்கிற அல்லி. மாரிக்கண்ணன் வாள்வீரன் கட்டாரி. ஹரிதா மருத்துவச்சி வேம்பு. நாங்க செய்யது பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும்" என்றேன். "இதுக்கா ஏட்டி ரயிலேறிப் போற?" என்றாள். அந்த அம்மாவே இப்போது ஞாயிறானால் "கட்டாரி எந்திச்சிட்டானா?" என்று கேட்கிறாள்.

அவன் பேரைக் கெடுத்தது நீ. எப்படிச் சரி செய்யப்போகிறாய் என்று தெரிந்தாக வேண்டும்.

பிரேமலதா

மாட்டுங்கா
9 ஜூலை 2025

பிரேமலதா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் அழுகை வந்தது, இரண்டாம் தரம் கோபம் வந்தது. கோபத்தோடு எழுதுகிறேன்.

நான் யார் பேரையும் கெடுக்கவில்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சாய்நாத்திடம் சொன்னேன். அவரைத் தடுத்து நிறுத்தச் சொல்லவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட எனக்கு உரிமை கிடையாதா?

முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்தில் சேர்ந்து போகிறவர்களுக்குள் ஒரு பிணைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆபத்திலேயே ஆளுக்கொரு திசையில் ஓடிவிடுவார்கள் என்று சொல்லி, வலது பக்கம் இருப்பவர் நமக்கு யார் என்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னான் சாய்நாத். நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் என்னைக் காட்டி, "இவ எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி" என்றீர்கள். என் வேம்புவுக்கு யாருமே கிடையாது. ஆசை ஆசையாக அப்படி எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு வரன் பார்க்கிறார்கள். சித்தி, மாமி, பெங்களூர் அத்தை என்று போனைத் தொட்டால் உறவுக்காரர்கள்தான். ஞாயிறு ஒரு மத்தியானமாவது சொந்தமே இல்லாத ஒருத்தியாக இருந்து பார்க்கலாம் என்று வந்தேன். அங்கேயும் நீங்கள் எனக்கு ஒரு அக்காவைக் கொடுத்துவிட்டீர்கள்.

அது போகட்டும். அப்புறம் மாரிக்கண்ணன் ஆரம்பித்தார். "எங் கொழுந்தியா அரைக்கிற மருந்தக் குடிச்சா செத்தவனும் எந்திச்சி ஓடிருவான், கசப்புக்குப் பயந்து." இதற்கு நானே சிரித்தேன். ஆனால் வாராவாரம்? "கொழுந்தியாளுக்கு மாப்பிள பாக்கணும், எந்தத் தடியன் வந்து மாட்டப்போறானோ" என்றபோது எனக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. என் ஆபீசில் பெண்டாட்டியின் தங்கையைப் பற்றி இந்தியில் ஒரு மட்டமான பேச்சு உண்டு. அதைச் சொல்லிவிட்டு ஆண்கள் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். கொழுந்தியா என்ற வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் அப்படிச் சிரித்தாரா என்று கேட்டால், இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று நீங்கள் சொல்லக்கூடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாமல் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் கொழுந்தியா என்றால் உண்மையில் என்ன?

ஹரிதா

வாஷி
11 ஜூலை 2025

ஹரிதா,

கேள்வி கேட்டாயே, அதனால் பாதிக் கோபம் போயிற்று. மீதியை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை நீ விட்டுவிட்டாய். நான் உன்னைத் தங்கை என்றேன். என் இடது பக்கம் இருந்த மாரிக்கண்ணன், "இவ எனக்குக் கட்டுனவ" என்று என்னைச் சொன்னான். சாய்நாத் "ஓகேவா?" என்று கேட்டான், நானும் சரி என்றேன். வட்டம் சுற்றி உன்னிடம் வந்தது. உன் வலது பக்கம் மாரிக்கண்ணன். நீ என்ன சொன்னாய்? "முன்பின் தெரியாத ஆள்."

உனக்கு அது ஒரு வாக்கியம். எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பார். அக்காள் புருஷனை ஒரு கொழுந்தியாள் தெரியாத ஆள் என்றால் அங்கே பெரிய சண்டை நடந்திருக்கிறது என்று அர்த்தம். நாலு பேர் கூடி சமாதானம் பேச வேண்டிய விஷயம். அன்றைக்கு ரயிலில் வரும்போது, "அந்தப் பிள்ள எம் மேல என்ன வருத்தத்துல இருக்கு?" என்று அவன் நிஜமாகவே கவலைப்பட்டான். அதைச் சரி செய்யத்தான் வாராவாரம் கேலி. எங்கள் பக்கத்தில் அத்தானுக்கும் கொழுந்தியாளுக்கும் அதுதான் வேலை. அவன் கேலி செய்ய வேண்டும், அவள் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் பெரியம்மா மகள் கல்யாணத்தில் அத்தானின் பாயசத்தில் நான் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார். இன்றைக்கும் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

உனக்குப் பிணைப்பு என்றால் முதலில் பழகி, பிடித்துப்போய், அப்புறம் அதற்கு ஒரு பேர் வைப்பது. எங்களுக்குப் பேர்தான் முதலில். அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தால் அத்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம், செய்யச் செய்யப் பிரியம் வரும். ஊரைவிட்டு வந்து இந்தத் தாராவியில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் சம்பாதித்தார்கள். எதிர்வீட்டுக்காரன் அண்ணன், அதனால் அவன் மகன் உனக்கு என்ன முறை என்று கணக்குப் போட்டுக்கொண்டே போவார்கள். நீ சரியாகக் கணக்குப் போடவில்லை என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். உன்னைக் கேட்காமல் கணக்கில் சேர்த்ததும் உண்மைதான்.

ஆனால் அவன் அங்கே வராமல் இருப்பது என்னால் தாங்க முடியவில்லை. நேற்று சந்தில் எதிரே வந்தான். "பை ஆர்டர் ஜாஸ்தி, அதான் போகல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான். அவனுக்குப் பொய் சொல்லவே வராது.

பிரேமலதா

மாட்டுங்கா
14 ஜூலை 2025

பிரேமலதா,

நீங்கள் எழுதியதை ஒரு தாளில் வட்டமாக வரைந்து பார்த்தேன். வேம்பு, அல்லி, கட்டாரி. மூன்று வாக்கியங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஆட்டம் நடத்தும் சாய்நாத்துக்கே அது தெரியவில்லை. எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஓர் உறவைச் சொன்னால் அது மற்ற எல்லோரையும் போய்த் தொட்டுவிடும் என்று நான் யோசித்ததே இல்லை.

அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், நம் ஆத்தில் இதெல்லாம் உண்டா என்று. என் அம்மா விஜயலக்ஷ்மியை நீங்கள் பார்த்ததில்லை, கோயிலில்கூடச் சத்தமாகச் சிரிக்காதவள். சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "உங்க பெரியப்பா இருக்காரே, எங்க அக்காவைக் கல்யாணம் பண்ணிண்ட புதுசுல நான் தூங்கிண்டிருக்கறச்சே என் ஜடையைக் கட்டில் கால்ல கட்டிட்டார். எழுந்திருக்கப் போறேன், வரலை! நான் சும்மா விட்டேனா? ஆபீஸ் கிளம்பறச்சே அவர் குடைக்குள்ள கோலமாவைக் கொட்டி வச்சேன். கிங்ஸ் சர்க்கிள்ல மழை வந்து விரிச்சார் பாரு!" சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அத்திம்பேர் என்றால் இவ்வளவு இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா இல்லாத ஒற்றைப் பெண்ணுக்கு அதைச் சொல்ல அவசியம் வரவில்லை போலிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. நடந்ததை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மாரிக்கண்ணன் என்னைக் கேலி செய்யும்போது என்னைப் பார்க்கவே மாட்டார். சொல்லி முடித்ததும் உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்கள் சிரிக்கிறீர்களா என்று. நீங்கள் சிரிக்காத வாரம் பகடையைக்கூட ஒழுங்காக உருட்டமாட்டார். இதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா?

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். நேற்று அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். நன்றாக யோசித்து, ஆங்கிலத்தில், நான் உங்களைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும், தயவுசெய்து ஆட்டத்துக்குத் திரும்பி வாருங்கள் என்று. உடனே பதில் வந்தது. "இட்ஸ் ஓகே மேடம்." அவ்வளவுதான். நேற்றும் அவர் வரவில்லை. நீங்களும் வரவில்லை. சாய்நாத்தும் நானும் சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினோம்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் மெயிலிலேயே எழுதுங்கள், எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஹரிதா

வாஷி
16 ஜூலை 2025

ஹரிதா,

மேடம் என்றானா? தொலைந்தது போ.

அந்த வார்த்தையை அவன் பை ஆர்டர் கொடுக்க வருகிற ஆட்களிடம்தான் சொல்வான். நீ அவனிடம் மன்னிப்புக் கேட்டு விஷயத்தை முடித்துவைத்துவிட்டாய், அவனும் முடித்துக்கொண்டான். கணக்கு நேராகிவிட்டால் அப்புறம் எதற்கு வருவான்? ஆங்கிலத்தில் வேறு. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருந்திருக்கும்.

உனக்கு அவன் திரும்பி வரவேண்டும் என்று நிஜமாக இருந்தால் ஒரே வழிதான். நேரில் போ. போனில் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள், நேரில் போய் அழைக்க வேண்டும். மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்காதே. அவன் கொடுத்த கேலியெல்லாம் உன்னிடம் அப்படியே கிடக்கிறது. நாலு பேர் நடுவில் அதைத் திருப்பிக் கொடு. அத்தான் என்று கூப்பிட்டுக் கொடு. அது போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

உனக்கு இஷ்டமில்லை என்றால் போகவேண்டாம். இந்தத் தடவை உன்னைக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

கடைசியாக நீ கேட்டது. யாரைப் பார்த்தான், எதற்குப் பார்த்தான் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஆட்டத்தில் கவனமாக இருந்தேன்.

பிரேமலதா

மாட்டுங்கா
19 ஜூலை 2025, சனி

பிரேமா அக்கா,

நான் ஏதோ செய்துவிட்டேன். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்கு எனக்கு லீவு. தாராவிக்குப் போனேன். பிறந்தது முதல் மாட்டுங்காவில் இருக்கிறேன், இதுவரை உள்ளே வந்ததில்லை. பஸ்ஸில் இடம் பிடித்து உட்காருவதற்குள் இறங்க வேண்டியதாகிவிட்டது, அவ்வளவு பக்கம். கார்கானாவைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மாரிக்கண்ணன் என்று கேட்டதும் மூன்று பேர் வழி காட்டினார்கள், ஒரு அம்மாள் கூடவே வந்து வாசலில் விட்டாள்.

உள்ளே ஏழெட்டுப் பேர். தையல் மிஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து தோலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனம் மறந்துபோய், வாயில் வந்ததைக் கத்திவிட்டேன். "என்ன அத்தான்! ஒரு வார்த்தைக்கே வாளைப் போட்டுட்டு ஓடிட்டேளே! இந்தக் கையை வச்சுண்டா எங்களைக் காப்பாத்தப் போறேள்? நான் அரைச்ச மருந்தைக் குடிச்சிருந்தாலாவது கொஞ்சம் ரோஷம் வந்திருக்கும்!"

மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் திகைப்பு, அப்புறம் உதடு துடித்தது, அப்புறம் சிரித்துவிட்டார் அக்கா. நன்றாகச் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது மூலையில் வாரில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த பெரியவர், பிச்சையா என்று பேராம், "யாரும்மா நீ?" என்று கேட்டார். எனக்கு இருந்த உற்சாகத்தில், "இவரோட கொழுந்தியா" என்றேன்.

"கொழுந்தியாளா? அப்ப ஒங்க அக்கா யாரு?"

"பிரேமலதா. இதே சந்துதான், உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

மாரிக்கண்ணன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். காது நுனி வரை சிவந்துபோய் நின்றார். கையில் இருந்த சாக்குக்கட்டி இரண்டாக உடைந்தது. கடைசியில் என்னைப் பார்த்து, "சாயா குடிக்கியளா?" என்று மட்டும் கேட்டார். பிச்சையா உடனே, "ஏலே, கொழுந்தியா வந்திருக்கு, ஸ்பெஷல் சொல்லுங்கல!" என்றார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று சாயா குடித்தார்கள். வாசலில் விட்ட அம்மாள் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் காணவில்லை.

பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆட்டம் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவரும் சொல்லவில்லை.

என்மேல் தப்பு, சத்தியமாகத் தெரியாமல் செய்தது. ஆனால் அக்கா, எனக்குத் தலையைக் குடைகிறது. "இது விளையாட்டு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் ஏன் சொல்லவில்லை?

ஹரிதா

தாராவி
20 ஜூலை 2025, ஞாயிறு காலை

அடி பாவி ஹரிதா,

உன்னை வாசலில் கொண்டுபோய் விட்டது எங்கள் அடுத்த வீட்டுக்காரி. நீ பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே விஷயம் என் வீடு வந்து சேர்ந்துவிட்டது. நேற்று எனக்கு அரை நாள் ஆபீஸ். ஸ்டேஷனிலிருந்து வருகிறேன், குழாயடியில் பேச்சு நிற்கிறது. நான் தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்கிறது. ஒருத்தி, "கல்யாணத்துக்குக் கூப்பிடலயே பிரேமா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிசியைப் புடைக்கவில்லை. "மாட்டுங்காவுல இருந்து ஒரு பிள்ள வந்துச்சாம். ஓந் தங்கச்சியாம்" என்றாள். நான் ஒரே மகள் என்பது அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும். அடுத்து என்ன வரும் என்று பயந்து நின்றேன். அம்மா தனக்குத்தானே கணக்குப் போட ஆரம்பித்தாள். "மாரிக்கண்ணன் அப்பன நான் அண்ணன்னுதான் கூப்பிடுதேன். அப்பிடிப் பாத்தா..." என்று நிறுத்தி, விரலை மடக்கி, "முறை சரியாத்தான் வருது" என்றாள். கோபமா, யோசனையா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

உன் மெயிலை அதற்கப்புறம்தான் படித்தேன். உன்னை உரித்துத் தோரணம் கட்ட வேண்டும் என்று இருந்தது. கடைசிக் கேள்வியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உன்னிடம் நான் கவனிக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். முதல் நாள் அவன் "கட்டுனவ" என்றபோதே என் கவனம் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டது. சாய்நாத் ஓகேவா என்று கேட்டான். நான் சொன்ன "சரி" விளையாட்டுக்குச் சொன்ன சரியா என்று ரயிலில், ஆபீசில், அடுப்படியில் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று உனக்கு எழுதினேன் பார், அந்த வரியை இரண்டு தரம் அழித்துவிட்டுத்தான் அடித்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவனே வந்தான். வழக்கமாக நேராக உள்ளே வந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கிறவன், நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

"அத்தை, அந்தப் பிள்ள சொன்னது நாங்க வெளையாடுத வெளையாட்டுல உள்ளது. பிரேமாவ ஒண்ணும் கேக்காதீய. என்னால அவ பேரு கெடாண்டாம். நான் இனிமே அங்கன போகவே மாட்டேன். கார்கானாவுலயும் திங்கக்கெழம எல்லாத்துட்டயும் சொல்லிருதேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுட்டி. அந்தப் பிள்ள சொன்னது நெசமா, பொய்யா?"

விளையாட்டுதாம்மா என்று ஒரு வார்த்தை போதும். சந்து இரண்டு நாள் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடும். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பை ஆர்டர் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு, யாரோ பார்த்து வைத்த பெண்ணைக் கட்டிக்கொள்வான். நான் வாஷிக்கும் வீட்டுக்குமாக ரயிலேறிக்கொண்டிருப்பேன். நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் நின்று அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டாம்மா" என்றேன்.

அக்கா